லவர்னியாவின் பாத்திரம்

அன்புள்ளவளுக்கு,

மிசிசிப்பியில் மழை. ஒரு தேவாலயத்தின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, மடியில் வைத்து எழுதுகிறேன். போனில் சொன்னால் உன் குரல் மாறிவிடும். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இன்று மதியம் டெமரியஸின் வீட்டில் சாப்பிட்டேன். நம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்க்க நான் ஓராண்டாகத் துரத்துகிறேனே, அந்தப் பையன். அவன் அம்மா லவர்னியா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் வேற காலேஜ்லேருந்து வந்த கோச் என் சோளரொட்டியத் தொடவே இல்ல. அந்தாள நம்பிப் புள்ளய அனுப்புவேனா?"

நான் மூன்று துண்டு தின்றேன்.

"நாலு வருஷமும் நீங்க அங்க இருப்பீங்கல்ல?" என்று பிறகு கேட்டாள்.

"இருப்பேங்க."

புதன்கிழமை அவன் நம் கல்லூரியில் சேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவான். அதன்பின் எளிதில் விலக முடியாது. நம் தலைமைப் பயிற்சியாளர் டெக்சாஸில் வேறொரு கல்லூரிக்குப் போவதையும், என்னை அழைத்துப் போவதையும் வெள்ளிக்கிழமைதான் அறிவிப்பார். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம். நீ பெட்டி கட்டத் தொடங்கு. ஆனால் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுக்கொள்.

இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான். இதை நீ எனக்குத் திருப்பிச் சொல்லாதே.

கிளம்பும்போது உனக்கென்று பீச் பழ இனிப்பைக் கண்ணாடிப் பாத்திரத்தோடு கொடுத்தாள். அடியில் அவள் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

"பாத்திரத்த அனுப்ப வேணாம் கோச். ஆகஸ்ட்ல இவனக் கொண்டுவந்து விடும்போது, உங்க வீட்டம்மாவப் பார்த்து நானே வாங்கிக்கிறேன்" என்றாள்.

பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் சூடு ஆறவில்லை.

உன்னவன்