ஐந்து மணிச் சங்கு

இன்று காலை திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஏதோ கூட்டத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியிலிருந்து இறக்கிய பச்சைச் சவுக்குக் கட்டைகளின் நுனியை ஒருவர் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டை வாசனை மூக்கில் ஏறியதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன், பாய். உங்களை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது. நினைவுக்கு வந்தது அந்த நாள் அல்ல. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம்.

நம் ஊர் அங்கிருந்து தள்ளி, ஒரு சின்ன நகராட்சி. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கடைத்தெரு. நகராட்சி அலுவலக மாடியில் ஓர் அறை, அதன் கூரையில் மின்சாரச் சங்கு, அறையின் ஒரே சாவி உங்கள் இடுப்பில். தினம் நான்கு முறை சுவிட்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பீர்கள். கடிகாரம் இல்லாத வீடுகள் அதைக் கேட்டுத்தான் உலை வைத்தன. விடாமல் ஊதினால் புயல் என்று அர்த்தம்.

வயலில் அதற்கு இன்னோர் அர்த்தமும் வந்து சேர்ந்தது. செங்கொடிச் சங்கத்தார் இரண்டு வருடம் அடிபட்டு ஓர் ஒப்பந்தம் வாங்கியிருந்தார்கள். ஐந்து மணிச் சங்கு கேட்டால் அரிவாளை வைத்துவிட்டுக் கரையேறலாம். அதற்கு முன்பெல்லாம் கண் தெரியும்வரை வேலை. அதில் கையெழுத்துப் போட்ட பெரிய மிராசுதாரர்தான் நம் நகராட்சிக்கும் சேர்மன். ஆட்சி மாறிய வாரமே வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டவர்.

அந்தத் தை அறுவடையில் சங்கு ஐந்தரைக்கு ஊதத் தொடங்கியது. வானொலி நேரத்தோடு என் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு உங்களிடம் கேட்டேன். டீக்கடைப் பெஞ்சில் என்னைக் கிட்டே உட்காரச் சொன்னீர்கள்.

"சேர்மன் உத்தரவு. கேட்டா மிஷினு பழசுன்னு சொல்லச் சொன்னாரு. பத்து நாளா பொய் ஊதிக்கிட்டிருக்கேன், பேப்பர்காரரே."

"எழுதட்டுமா பாய்?"

"எழுதுங்க. எம் பேரு மட்டும் வேணாம். மூணு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கேன்."

எழுதினேன். பெயரைப் போடவில்லை. 'நகராட்சி ஊழியர் ஒருவர் தெரிவித்தார்' என்று போட்டேன். எங்கள் தொழிலில் ஆளை மறைப்பது அப்படித்தான்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் சேர்மனின் வயல் வரப்பில் நின்றேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் கடிகாரத்தில் சரியாக ஐந்து. சங்கு ஊதியது.

பெண்கள் நிமிர்ந்தார்கள். முதலில் கரையேறியவர், அங்கே அறுத்துக்கொண்டிருந்த செல்லையன் என்பவரின் மனைவி.

"எவடி அவ? எறங்குடி கீழ!" என்று கத்தினார் சேர்மனின் காரியக்காரர்.

"ஐயாவுக்குக் காது அடைச்சுப்போச்சா? சங்கு ஊதிருச்சுல்ல" என்றார் அந்த அம்மா. பெண்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சவுக்குத் தோப்பிலிருந்து இருபது பேர் ஓடிவந்தார்கள். கையில் பட்டை உரிக்காத பச்சைக் கட்டைகள். முதல் அடி அந்த அம்மாவின் தோளில் விழுந்தது. இரண்டாவது, குறுக்கே வந்த செல்லையனின் தலையில். சத்தம் பெரிதாக இல்லை. சாப்பிட உட்காருகிறவர் போல அவர் வரப்பில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்து வாய்க்காலுக்குள் சரிந்தார். ஒருவரைக் கீழே போட்டு முழங்காலிலேயே அடித்தார்கள். தலைமயிரைப் பிடித்து ஒரு கிழவியை நெல் தாளின்மேல் இழுத்தார்கள். அறுத்த தாள் அவர் முதுகைக் கிழித்தது. நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்கூட எழுதவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். சங்கு நிற்கவில்லை. மாடியிலிருந்து நீங்கள் வயலைப் பார்த்துவிட்டீர்கள். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். தை மாதத்தில் ஏது புயல் என்று யாரும் யோசிக்கவில்லை. மீன்காரத் தெரு ஓடிவந்தது, கடைத்தெரு ஓடிவந்தது. வந்த கூட்டத்தைப் பார்த்ததும் அடித்தவர்கள் கட்டைகளைப் போட்டுவிட்டுத் தோப்புக்குள் ஓடினார்கள். சங்கு சட்டென்று நின்றது. கையை எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

சேர்மனின் ஆட்கள் சங்கு அறைக் கதவை உடைத்திருக்கிறார்கள். அதை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் நீங்களே சொன்னீர்கள். "எந்தக் கைடா ஊதுச்சு?" என்று கேட்டு, வலது கையை மேசைமேல் விரித்துப் பிடித்து, கதவின் இரும்புத் தாழ்ப்பாளால் ஒவ்வொரு விரலாக அடித்தார்கள். மூன்று விரல்களை டாக்டர் எடுத்துவிட்டார்.

"சங்கு ஊதுறவனுக்குச் சங்கத்துல என்னடா வேல, ஒனக்கே ஊதிருவோம்னான் ஒருத்தன். நல்லாத்தான் பேசுறான்னு சிரிச்சுப்புட்டேன். அதுக்கு ரெண்டு அடி தனியா" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லையன் அன்று விடியற்காலையில் பக்கத்து வார்டில் இறந்திருந்தார்.

"நான் உங்க பேரப் போடலையே, பாய்" என்றேன்.

கட்டுப்போட்ட கையை மார்மேல் மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டீர்கள். கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் கேட்பதுபோல் கேட்டீர்கள்.

"நம்ம ஊர்ல சங்கு ஊதுறது எத்தன பேரு, பேப்பர்காரரே?"

மறுவாரத்திலிருந்து ஐந்து மணிச் சங்கு ஐந்து மணிக்கே ஊதியது. அதற்குமேல் நேரத்தில் கை வைக்கச் சேர்மனுக்குத் துணிவில்லை. சுவிட்சில் வேறோர் ஆள். உங்களைத் தண்ணீர் வரி நோட்டீஸ் கொடுக்க அனுப்பினார்கள். இரண்டு விரலால் நோட்டீஸை நீட்டிக்கொண்டு ஓய்வு பெறும்வரை தெருத்தெருவாக நடந்தீர்கள். என்னைப் பார்த்தால் பெஞ்சில் இடம் விடுவீர்கள். அந்தக் கேள்வியைப் பிறகு ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

'ஒருவர்' என்று எழுதும் முன் அவர் எத்தனை பேரில் ஒருவர் என்று எண்ணிப் பார்க்காமல் நான் பிறகு எழுதியதில்லை. நாற்பது என்று வந்தால் எழுதுவேன். ஆறு என்று வந்தால் யோசிப்பேன். ஒரு தடவை, ஒரு நெல் கிடங்கு விஷயத்தில், எண்ணிக்கை ஒன்றில் வந்து நின்றது. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். தகவல் சொன்ன பெண் இன்றும் இரண்டு கையோடு நன்றாக இருக்கிறார். அதை எழுதாமல் விட்டதால் வேறு எங்கே, யாருக்கு அடி விழுந்தது என்று எனக்குத் தெரியாது, பாய்.