கால் முன்னால் வந்தவள்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம், வயிற்றில் இருப்பதும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதைக் கேட்டுவிட்டுத்தான் சண்டை போட வேண்டும்.

பிள்ளையின் தலை இன்னும் கீழே வரவில்லை. வெளியிலிருந்தே கையால் அழுத்தித் திருப்பலாம் என்றார் டாக்டர். "தானா திரும்பிடும், கைவைக்க விடாதே" என்றாய். பத்து நாள் காத்திருந்தேன். "உங்க வீட்ல யாராவது இப்படிப் பொறந்திருக்காங்களா?" என்று அவர் கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

நேற்று போனில் சித்தி உளறிக்கொட்டிவிட்டாள். "நீயே கால் முன்னாடி வந்தவதாண்டி. ரெண்டு நாள் உங்கம்மா செத்துப் பொழைச்சா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

இருபத்தொன்பது வருஷமாக மறைத்திருக்கிறாய்! இன்று கம்பெனியில் மெஷினில் மூன்று சட்டைக் காலரைத் தலைமாற்றித் தைத்தேன். நான் பயப்படுவேன் என்றா மறைத்தாய்? அந்த ரெண்டு நாள் வேதனையை எனக்கும் எடுத்து வைத்திருந்தாயா?

வியாழக்கிழமை திருப்பப் போகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்கிறது. குழந்தைக்கு விரிக்க உன் பழைய நூல் புடவை இரண்டு அனுப்பு. துவைத்துத் தொலைக்காதே, நீ கட்டியது கட்டியபடியே வரட்டும்.

கோபம் ஆறாத
உன் மகள்