நான் ஊற்றிய ஒரு மூடி எண்ணெய்

மச்சான்,

காலையில் அந்தத் தடித்த ரப்பர் கையுறையை மாட்டினேன். உள்ளே இன்னும் உன் பவுடர் வாசனை. மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற வயர் பக்கம் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நீதான் அதை வாங்கி வந்தாய். கை வியர்க்கிறது என்று டப்பா டப்பாவாகப் பவுடரைக் கொட்டினாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. உன் மேல், அந்தக் கூலிம் தம்பி மேல், எல்லாரையும்விட என் மேல்.

அந்தத் தம்பியின் கார் முதலில் நம் மெர்கோங் ஏர்கோன் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? கூலிம் ஹைடெக் பூங்காவில் இன்ஜினியர். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத மின்சாரக் கார். ஏர்கோன் வெறும் காற்றாக ஊதுகிறது. விற்ற இடத்தில் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும், சாமான் வர மூன்று மாதம், அதுவரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள் என்றார்களாம். கெடா வெயிலில்! அதை ஏர்கோன் அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறார்கள். நீ அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தாய். குழாய் மூட்டில் இருந்த சின்ன ரப்பர் வளையம் வெடித்து கேஸ் கசிந்திருந்தது. சுண்டுவிரலில்கூட நுழையாத வளையத்துக்கு மூன்று மாதம்! அதை மாற்றிவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாய். போகும்போது, "நான் வந்து கேஸ் அடிக்கிறேன். எண்ணெயில மட்டும் கை வைக்காத. இதுக்கு வேற எண்ணெய்," என்றாய்.

எனக்கா சொல்கிறாய் என்று இருந்தது. முப்பது வருடமாகப் பெட்ரோல் கார்களில் குழாயைத் திறந்தால் ஒரு மூடி எண்ணெய் ஊற்றித்தான் மூடுவோம். கை தானாகப் போயிற்று. நீ திரும்புவதற்குள் கேஸும் அடித்துவிட்டேன். ஜில்லென்று ஊதியது. நீ கேட்டபோது, "கேஸ் மட்டுந்தான் அடிச்சேன்," என்று பொய் சொன்னேன்.

பத்தாம் நாள் அந்தக் கார் இழுவை வண்டியில் வந்து இறங்கியது. நம் வழக்கமான எண்ணெய் மின்சாரத்தைக் கசியவிடும். கம்ப்ரசருக்குள் அது கலந்ததும், எங்கோ மின்கசிவு என்று கண்டு கார் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அதுவும் நெடுஞ்சாலை ஓரத்தில், மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்கும்போது. நீ திறந்து பார்த்து, எண்ணெய்தான் காரணம் என்றதும் தம்பி கத்தினான். நியாயமாகத்தான் கத்தினான். "யாரு எண்ணெய் ஊத்துனது?" என்று அவன் கேட்டதும் நீ முன்னால் போய் நின்றாய்.

"நான்தான் தம்பி. தப்பு என்னுதுதான். சரி பண்ணிக் குடுத்துடுறேன்."

நான் பின்னால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவன் போனபின் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "போர்டுல இருக்கிறது உன் பேரு. உன் பேரு கெட்டா கடை போச்சு லா. என் பேரு யாருக்குத் தெரியும்?" என்றாய். யார் கேட்டது உன்னை? பெரிய தியாகி! குழாய் குழாயாகக் கழுவி, வேறு கம்ப்ரசர் தேடிப் பிடித்து மாட்டி, மூன்று வாரம் அந்தக் காரோடு கிடந்தாய். என்றைக்காவது நானே உண்மையைச் சொல்வேன் என்று நம்பினாயா, இல்லை சொல்ல மாட்டேன் என்று தெரிந்தேதான் செய்தாயா? அதைக் கேட்பதற்குள் மாரடைப்பு என்று போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன மாதம் அதே கார் மறுபடியும் வந்தது. மறுபடியும் குளிரவில்லை. அறுவடை நேரம். முன்பக்கம் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சர் முழுக்க நெல் சுணையும் வைக்கோல் தூசியும் அப்பிக் கிடந்தன. பாட்டரியைக் குளிரவைப்பதும் அதே ஏர்கோன்தான். அதனால் கார் பாட்டரியைக் காப்பாற்றிக்கொண்டு ஆளை வேகவிட்டது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். உன் தங்கை கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான், "நல்லவேளை அண்ணே, இந்த வாட்டி நீங்க பாக்குறீங்க. அந்த அண்ணன் இருந்தா மறுபடியும் ரோசாக் பண்ணி, காரையே கெடுத்திருப்பாரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவனைப் பேச உனக்கு என்னடா தகுதி என்று கேட்க வாயெடுத்தேன். அந்தத் தகுதியை அவனுக்குக் கொடுத்ததே நான்தானே? தண்ணீரை மூடினேன்.

"தம்பி, அந்த எண்ணெய ஊத்துனது நான். ஊத்தாதன்னு அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. நான்தான் கேக்கல."

"அப்ப ஏன்ணே அவரு..." என்று இழுத்தான். உன் தங்கை எழுந்து வந்தாள். அவள் பார்த்தது என்னை.

"கருமாதியன்னைக்குக்கூட நாலு பேரு இதையேதான் பேசுனாங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

பன்னிரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. நான் சமாதானம் செய்யவும் போகவில்லை. உனக்காகக் கோபப்பட ஒரு ஆளாவது வேண்டும்.

அன்றிலிருந்து மின்சாரக் கார் யார் கொண்டுவந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: "இந்த மாதிரி ஒண்ண நான் கெடுத்திருக்கேன். சரி பண்ணுனது என் மச்சான்." சிலர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும். இந்தச் சுமையை இறக்கிவைக்க எனக்கு மனமில்லை.

இன்று காலை வந்த பெரியவரிடமும் சொன்னேன். நீட்டிய கார் சாவியைக் கைக்குள் மடக்கிக்கொண்டார். பிறகு என் தோளுக்கு மேலே கடைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அந்த மச்சான் உள்ள இருக்காரா? அவருகிட்டயே குடுத்துடுறேனே."