மோகனூர் ரோட்டில் நின்றுபோகும் வண்டி

ஆடி 9, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. முட்டை அட்டைகளுக்கு மேல் கட்டிய தார்ப்பாய் வழி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

வண்டி மறுபடியும் நின்றது. அதே இடம். மோகனூர் ரோட்டில், கரும்புக்காட்டை ஒட்டிய வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியதும் என்ஜின் அவுட். டேஷ்போர்டு விளக்கெல்லாம் ஒருதரம் எரிந்து அணைந்தன. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஹாரன் தானாக அடித்தது. என் கை அதன் மேல் இல்லை. சத்தியமாக இல்லை.

நேற்றுத்தான் ஆடி அமாவாசை. மோகனூர் ஆற்றங்கரையில் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தேன். அவன் போனதும் இப்படி ஓர் அமாவாசைக்கு மறுநாள்தான். போன வருடம் தை மாதம், விடிகிற நேரம், கண் தெரியாத பனி. இதே வேகத்தடையில் இதே வண்டி நின்றது. பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று வேப்பங்கொத்து ஒடித்து ரோட்டில் போடப் போனான். கரும்பு டிராக்டர் அவனைப் பார்க்கவில்லை.

வெயில் ஏறினதும் வண்டி ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. கரூர் கடைக்காரரிடம் திட்டு. முட்டை சேதம் கொஞ்சம்.

ஆடி 11, ஞாயிறு

லோடு ஏற்றும் ஆட்கள் பேசியது காதில் விழுந்தது.

"அவிய அண்ணன் இன்னும் வண்டிய உட்டு எறங்குல."

"அமாவாசைக்கு மக்யா நாள் பாத்துக்க. கரெக்டா நிறுத்துறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கண்ணன் நிறுத்தறதா இருந்தா இங்கயே நிறுத்தியிருப்பான்டா, நீங்க ஒடைக்கற முட்டைக்கு!" என்று கத்தினேன். ஒருவனும் சிரிக்கவில்லை. ஒருவனும் கேபினுக்குள் ஏறவும் இல்லை.

இதுவரை இந்த வண்டிக்குச் செய்தது: டீசல் ஃபில்டர், பேட்டரி, எலுமிச்சை, பூசணிக்காய், ஒரு சேவல்.

சாயங்காலம் அண்ணி வந்தார். வண்டி நின்றதை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நின்னுச்சுங்களா தம்பி? நெம்ப நேரம் நின்னுச்சுங்களா?"

வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி, வந்து போனதை விசாரிக்கிற குரல். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆமாங்க என்று மட்டும் சொன்னேன்.

ஆடி 14, புதன்

வண்டியைச் சேகர் பட்டறையில் விட்டேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. வாய் ஓயாது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஈசிஎம் அவுட்டுடா. மூளையே பேச மாட்டேங்குது" என்றான். என்ஜினுக்கு எப்போது டீசல், எவ்வளவு டீசல் என்று சொல்கிற கம்ப்யூட்டர். கேபினுக்குள், இடது பக்கம், டேஷ்போர்டுக்கு அடியில், டிபன் டப்பா அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி. பத்து வருட வண்டியில் அது போவது சகஜம் என்றான்.

கழற்றி மூடியைத் திறந்தான்.

"ஏண்டா, இதுக்குள்ள என்ன கொழம்பா ஊத்துனீங்க?"

பச்சைத் தகட்டின் ஓரமெல்லாம் மஞ்சள் பொருக்கு. பின்கள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மோந்து பார்த்தேன். கிழங்கு மஞ்சள் வாசம்.

அண்ணி அமாவாசைக்கு அமாவாசை மஞ்சள் அரைத்துக் கரைத்து, வண்டியின் கண்ணாடி மேலிருந்து ஊற்றிக் கழுவுவார். வண்டி வாங்கின நாளிலிருந்து. எல்லார் வீட்டிலும் செய்வதுதான். எங்கள் அண்ணி கொஞ்சம் தாராளமாக ஊற்றுவார்.

சேகர் கண்ணாடி ரப்பரை இழுத்துக் காட்டினான். மக்கிக் கையோடு வந்தது. "ஊத்தற தண்ணி இது வழியா நேரா பொட்டி மேல எறங்குது. ஒருநாள் ஈரம் நிக்கும். வண்டி குலுங்குனா ஷார்ட். காஞ்சா சரியாயிரும். அந்த ஹாரனும் இந்தக் கூத்துதான். நீ எந்தப் பேயையும் தேட வேண்டாம்."

"இது எத்தன நாளா இருக்கும்?"

"நாளா? இது மூணு வருசத்துத் து—"

பாதியில் நிறுத்தினான். என்னைப் பார்த்தான். போன வருடத் தை அவனுக்கும் தெரியும், பிணவறைக்கு என்னோடு வந்தவன். மூடியை மறுபடி மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினான்.

"எங்க அண்ணிக்குத் தெரிய வேண்டாம்" என்றேன்.

"யாருக்கும் தெரிய வேண்டாம்டா."

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. ஆற்றில் நல்ல தண்ணீர். ஊரே மோகனூரில். நான் போகவில்லை, வண்டி இல்லை என்று சாக்கு.

பேய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருக்கவேண்டும். இல்லை. பேய் இருந்தபோதே பரவாயில்லை. அப்போது அண்ணனாவது இருந்தான். இப்போது கண்ணை மூடினால் அண்ணி குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அண்ணன் கீழே நின்று, "இந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்கிறான்.

மத்தியானம் அண்ணி வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் பாயசம் வந்தது. மேலே மஞ்சள் பூசிய தூக்கு. அப்படியே வைத்துவிட்டேன். என்ன பிழைப்பு இது.

ஆடி 20, செவ்வாய்

சேலத்திலிருந்து வேறு பெட்டி வந்தது. பழைய பெட்டியில் இருந்ததையெல்லாம் லேப்டாப்பில் எடுத்துப் புதியதில் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதுல எங்கண்ணன் ஓட்டுனதெல்லாம் இருக்குமா?"

"கிலோமீட்டர் இருக்கும். சாவி நம்பர் இருக்கும். வேற என்ன வேணும் உனக்கு?" என்றான் சேகர். அப்புறம் குரலைத் தணித்து, "வேற ஒண்ணும் இருக்காதுடா" என்றான்.

கண்ணாடிக்குப் புது ரப்பர். பெட்டிக்கு மேல் தகரத்தில் ஒரு கூரை மாதிரி அடித்துக் கொடுத்தான். குடம் குடமாக ஊற்றினாலும் இனி இறங்காது.

முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்.

ஆடி 24, சனி

கரூர் போய் வந்தேன். நிற்கவில்லை. முன்பெல்லாம் வண்டி நிற்கையில், ஐடிலில் ஒரு நடுக்கம் இருக்கும், ஸ்டீயரிங் கைக்குள் துடித்துக்கொண்டே இருக்கும். இப்போது அது இல்லை. வேறு யாரோ ஒருவருடைய வண்டி. வேகத்தடை தாண்டினதும் இடது சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பில் கட்டும் தண்ணீர் பாட்டிலும்தான் கிடந்தன. ஏன் பார்த்தேன்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஆவணி 6, வெள்ளி

அமாவாசை. சுள்ளென்று வெயில். அண்ணி வருவதற்குள் முடித்துவிடலாம் என்று வாட்டர் சர்வீசுக்கு விட்டுக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினேன். பொட்டு மட்டும் வைத்தால் போதும் என்றேன்.

அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

"அவரு வண்டிய நான் என் கையால கழுவக் கூடாதுங்களா தம்பி? அதும் போச்சுங்களா எனக்கு?"

நகர்ந்துகொண்டேன். கண்ணாடி மேலிருந்து ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் வைப்பரைத் தாண்டி வழிந்தது. நான் கதவைத் திறந்து டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை.

ஆவணி 7, சனி

வானம் மூடாக்கு. மழை இல்லை. லோடு ஏற்றி முடிக்கையில் அண்ணி வந்து நின்றார். புதுச் சேலை.

"கரூர் வரைக்கும் வாரேன் தம்பி. பாப்பாளுக்குத் துணி எடுக்கோணும்."

அண்ணன் மகளுக்குத் துணி நாமக்கல்லில் கிடைக்காதா? இன்று அமாவாசைக்கு மறுநாள். அவர் எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

கரும்புக்காடு தெரிந்ததும் சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வேகத்தடை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன என்ஜின்! ஓரக்கண்ணால் பார்த்தேன். மூடிய கண்ணோடு அவர் உதடு கோணத் தொடங்கியது.

யோசிக்கவில்லை. ரோட்டோர மண்ணில் ஒதுக்கிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

காற்றுச் சத்தம் மட்டும். அண்ணி மூச்சை விட்டார். கண் திறக்கவே இல்லை. கையை நீட்டி டேஷ்போர்டைத் தடவினார்.

"வந்துட்டீங்களா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா காலேசுக்குப் போறாளுங்க. தனியா பஸ் ஏறி வர்றா. தம்பி வண்டிய நல்லா பாத்துக்கறாருங்க, நீங்க வெசனப்படாதீங்க." அப்புறம், பக்கத்தில் ஆள் இருப்பதால் கூச்சப்படுகிற மாதிரி, குரலை இறக்கிக்கொண்டு:

"நேத்து வெயில் நெம்ப. அதான் ஒரு கொடம் சேத்தி ஊத்துனேனுங்க. குளுந்துச்சுங்களா?"