ஐந்து பேர் நான்கு பேரிடம் திணறுவது

டிம்மின்ஸ்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத்திலும் தோற்றோம். எதிரணியில் ஒருவன் தவறு செய்து தண்டனைப் பெட்டியில் உட்கார, அவர்கள் நான்கு பேராகக் குறைந்தபோதுகூட, நம் ஐந்து மேதைகளும் வட்டைக் கேப்டன் பிராடிக்கே தள்ளினார்கள். அவன்தான் அடிப்பான் என்று பாப்கார்ன் விற்பவளுக்கும் தெரியும். வலைமுன் நின்று கோல் காப்பாளனின் கண்ணை மறைக்க ஒருவனுமில்லை. அங்கே முதுகில் அடிதான் விழும், கைதட்டல் விழாது.

"பிராடிய வலைமுன்னாடி நிறுத்துங்க கோச்" என்றேன்.

"கேப்டனையா? நீ வீடியோவ மட்டும் வெட்டிக் குடும்மா."

"தினம் அதே வீடியோதான் வருது."

நாளை தோற்றால் இந்த ஆண்டு ஆட்டங்கள் முடிந்தன, வீட்டுக்கு வந்துவிடலாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இன்று காலை பிராடியிடமே சொன்னேன். முறைத்தான்; பிறகு பயிற்சியில் வலைமுன் போய் நின்றான். வரிசையாகக் கோல் விழுந்தது.

அதனால் என் கம்பளிக் காலுறைகளை அனுப்பிவிடுங்கள். அம்மா செய்யும் வெண்ணெய்ப் பணியாரமும் கொஞ்சம். பேருந்து வந்துவிட்டது.

கெல்சி