ஒரு தகரத்துக்காகப் போட்ட வழக்கு

இன்று காலை கிள்ளான் கோர்ட்டு வராந்தாவில் யாரோ ஒரு பெரியவர் தைலப் புட்டியைத் திறந்தார். வாசம் வந்ததுதான் தாமதம், என் தலை தானாகத் திரும்பிவிட்டது. குளிர்பான மெஷினுக்குப் பக்கத்தில் நீ வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தது. நீ போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியாதா? உன் வீட்டு வாசலில் நின்று அழுதவள்தானே நான். இந்த மூக்குக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியாக எத்தனையோ வருஷம் என்னை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டவள் நீ. ஒரு மழைக்கு என் சமையற்கட்டுத் தகரத்திலிருந்து உன் பக்கம் தண்ணீர் இறங்கிவிட்டது. கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னாயா? கோர்ட்டில் வழக்குப் போட்டாய். சமையற்கட்டையே இடிக்க வேண்டுமாம். என்னிடம் இரவல் வாங்கிய புட்டுக்குழலைக் கழுவாமல் கேட்டில் மாட்டிவிட்டுப் போனாயே, அதையும் நான் மறக்கவில்லை.

வழக்கு முடியும்வரை அந்தக் கூரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உன் லாயர் தடை வாங்கினார். அதோடு சரி. எந்த ஒழுகலை நிறுத்த நீ கோர்ட்டுக்குப் போனாயோ, அந்த ஒழுகலுக்கே பாதுகாப்பு வந்துவிட்டது. என் பக்கம் ஒரு வாளி, உன் பக்கம் ஒரு வாளி.

என் லாயர் பெண் முதல் நாளே சிரித்தாள். "இது வெத்துக் கேஸ் பாட்டி. ஆரம்பத்துலயே தள்ளிடச் சொல்லி மனு போட்டுடுவோம்." போட்டாள். அந்த மனுவுக்கே தேதி மேல் தேதி. ஒரு நாள் உன் லாயருக்கு ஷா ஆலாமில் வேறு வழக்கு. ஒரு நாள் கோப்பு வந்து சேரவில்லை. தோட்டத்துப் பள்ளியில் பாதியில் நின்றவள் நான். உள்ளே மலாயும் இங்கிலீஷும் பேசுகிறார்கள். ஒத்திவைத்துவிட்டார்கள் என்பதை மட்டும் அவர்கள் கோப்பை மூடும் விதத்திலேயே தெரிந்துகொள்வேன்.

நேருக்கு நேர் பேசக் கூடாது என்று உன் லாயர் உனக்குச் சொல்லியிருந்தார். நமக்கு அதெல்லாம் ஒரு தடையா? ஜாடை பேசத் தெரியாதவர்களா நாம்? ஒரு நாள் நீ அந்த மெஷினைப் பார்த்துச் சொன்னாய்.

"இதுலயாச்சும் காசு போட்டா டின்னு விழுது. உள்ள ஒன்னும் விழமாட்டேங்குது."

நான் தூணைப் பார்த்துச் சொன்னேன். "சும்மா கெடந்தவள இழுத்துட்டு வந்தவங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்."

"அடுப்புல தண்ணி சொட்டுனா எவளுக்குத்தான் கோவம் வராது?"

"கூப்ட்டு சொல்லியிருந்தா தகரத்தத் திருப்பிப் போட்டிருப்பேன்லா. ஒரு காலையில முடியுற வேல."

நீ நெற்றியில் தைலம் தடவிக்கொண்டே இருந்தாய். பிறகு மெஷினிடமே சொன்னாய். "அடுத்த தடவ ஜட்ஜ்கிட்ட கேஸ் வேணாம்னு சொல்லிடப் போறேன். காதுள்ளவங்க கேட்டுக்கட்டும்."

"மொதல்ல சொல்லட்டும். அப்புறம் புட்டுக்குழலப் பத்திப் பேசிக்கலாம்," என்றேன் தூணிடம். நீ சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை ஜட்ஜுக்கு மாற்றல். புது ஜட்ஜ் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒத்திவைத்தார்கள். அதற்கடுத்த தடவை நீ ஆஸ்பத்திரியில். அப்புறம் நீயே இல்லை. நீ ஒரு வார்த்தை சொல்ல அவர்கள் ஒரு நாள் தரவில்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட அவர்கள் மேல் இருக்கும் கோபம் பெரிது. மனு வாங்கும் கவுண்டரில் ஒரு ஆளை உட்கார வைத்து, "ரெண்டு பேரும் மொதல்ல போய் அந்தத் தகரத்தப் பாத்துட்டு வாங்க" என்று சொல்ல வைத்திருந்தால் போதாதா? அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா?

ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் என் மகள், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்கிறாள். வழக்கு இருக்கும் வீட்டை எவன் வாங்குவான்? தனியாக இந்த வாளிக்குக் காவல் இருக்கிறேன்.

இன்று உன் மகன் வந்திருந்தான். வழக்குப் போட்ட நாளிலிருந்து என்னை 'ஆன்டி' என்றவன், இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பெரியம்மா" என்றான்.

"எனக்கு இந்தக் கேஸ் வேணாம் பெரியம்மா. நாளைக்கே விட்டுடுவேன். ஆனா கேஸு அம்மா பேர்ல இருக்கு. அவங்க எடத்துல நான்தான்னு பேப்பர் வந்தாத்தான் விட முடியுமாம்."

"அந்தப் பேப்பர் எப்பய்யா வரும்?"

"அதுக்கும் கோர்ட்டுக்குத்தான் போவணும்."

இரண்டு பேரும் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா இதப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டான். அவனிடம்கூட நீ சொல்லவில்லையா! என்னிடமும் சொல்லவில்லை, மெஷினிடம்தான் சொன்னாய். ஆனால் கேட்டவள் நான். அவனிடம் சொன்னேன். தலை குனிந்துகொண்டான்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. என் வாளியில் சொட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் உன் வாளியிலும் சொட்டுவது கேட்கிறது; அதை உன் மகன் இன்னும் எடுக்கவில்லை. 'வேணாம்' என்று நீ சொன்னதற்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் சாட்சி. நீ யார் மேல் வழக்குப் போட்டாயோ, அவளே உனக்குச் சாட்சி. அவர்கள் கூப்பிடும் நாள்வரை நான் உயிரோடு கிடக்க வேண்டும், நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் வைத்திருக்கவும் வேண்டும்.

வைத்திருப்பேன். என் ஞாபகம் உனக்குத் தெரியும். புட்டுக்குழலையே இன்னும் மறக்காதவள் நான்.