நஸ்ரினைத் தேடிய எச்சில்

ஆகஸ்ட் 11, திங்கள்

கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் புழுதி. மறுபடி அலசல். வாங்க: தேங்காய், சவர்க்காரம், உம்மாவின் பிரஷர் குளிசை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கனடா பொலிஸ் அழைப்பு. நஸ்ரின் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். சுனாமியில் கடல் வந்த அன்று என் கையிலிருந்து போன தங்கச்சி. அடக்க மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. யாராவது வெளிநாட்டில் வளர்த்திருப்பார்களோ என்றுதான் போன வருடம் அந்த மரபணுக் கம்பனிக்கு எச்சில் அனுப்பினேன். பொலிஸ் பார்க்கலாமா என்ற கேள்விக்கும் ஓம் என்று அழுத்தியிருந்தேன்.

நஸ்ரின் இல்லை. பல வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் ஒரு பெண்ணைக் கழுத்து நெரித்துக் கொன்றிருக்கிறார்கள். அவளுடைய நகத்துக்குள் கிடைத்த ஆணின் மரபணு, எனக்குக் கூடப்பிறந்தவனுடையதாம்.

மொழிபெயர்த்த பெண் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்: "உங்களுக்கு ஆம்பிளைச் சகோதரங்கள் எத்தனை பேர்?"

"காக்கா ஒருத்தர்தான்."

"எங்க இருக்கிறார்?"

போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் தாய் இன்னும் உயிரோடாம்.

"ரொறன்ரோவில" என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

உம்மாவிடம் சொல்லவில்லை. காக்காவின் குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். "உம்மா, முழங்கால் நோ எப்பிடி?"

ஆகஸ்ட் 22, வெள்ளி

காக்கா பிடிபட்டார். அவர் எறிந்த கோப்பிக் கப்பில் எடுத்த மரபணுவும் பொருந்திவிட்டது. எச்சில் யாருடையது என்பதும் வெளியே வந்துவிட்டது. உம்மா அகப்பையால் அடித்தார், என் மகளுக்கு முன்னால்.

"கடல் ஒன்னக் கொண்டு போயிரிக்கலாம். நஸ்ரினப் போய் எடுத்திச்சே."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீடு நிறையப் பெண்கள், உம்மாவுக்கு ஆறுதல் சொல்ல. என் சீதன வீடு, நான் ஊற்றிய தேத்தண்ணி. என்னோடு ஒருத்தரும் கதைக்கவில்லை. குசினிக்குள் கேட்டது:

"ராவையில தனியத் திரிஞ்ச அந்தக் கனடாக்காரிக்கு வேற என்ன நடக்கும்?"

"காக்காவக் காட்டிக் குடுத்தவள்ற மகள இனி யாரு கலியாணம் முடிப்பான்?"

மகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காற்று விட்டபாடில்லை. காக்காவின் மனைவி, மதினி, கனடாவிலிருந்து போன் எடுத்தார். அழவில்லை.

"என்ட கழுத்தையும் ரெண்டு தரம் புடிச்சவர், மச்சி. நான் யாருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

அதை அப்படியே உம்மாவிடம் சொன்னேன். முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"புடிச்சவன் விட்டுட்டான்தானே."